மனச்சோர்வுக்கு முதல் முறையாக டாக்டரிடம் போகிறீர்களா? வீட்டில் பேசுவது முதல் மாத்திரையை நிறுத்துவது வரை

என் அம்மாவுக்கு இருப்பது மனச்சோர்வு என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு எட்டு மாதமும் 23,000 ரூபாயும் ஆனது. எண்டோஸ்கோபி, எக்கோ, தலைக்கு எம்.ஆர்.ஐ., சத்து ஊசி, டானிக் என்று பணம் கரைந்தது. கடைசியில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஓ.பி. சீட்டுக்குக்கூட யாரும் காசு கேட்கவில்லை.

தாமதத்துக்குப் பாதிக் காரணம் எங்களுக்கு விஷயம் தெரியாதது. மீதிப் பாதி வெட்கம். மூன்றாவது மாதமே ஒரு பொது மருத்துவர், "மனநல டாக்டரை ஒரு தடவை பாருங்களேன்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. அம்மா கூடுதலாகப் பட்ட ஐந்து மாத வேதனை அந்தச் சீட்டில்தான் இருந்தது. உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வெட்கம் போன பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது கிளம்பும்போது போகவில்லை, போய்வரப் போய்வரத்தான் போனது.

முதலில் ஒன்று. "செத்துப் போயிடலாம்னு இருக்கு", "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வீட்டில் வந்திருந்தால், கீழே உள்ள வரிசையெல்லாம் அப்புறம். இப்போதே 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். மத்திய அரசின் இலவச சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. அவரைத் தனியாக விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே வந்திருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

1. அறிகுறியைச் சரியான இடத்தில் தேடுங்கள்

"எனக்கு மனசு சரியில்லை" என்று நம் வீடுகளில் யாரும் ஆரம்பிப்பதில்லை. அம்மா சொன்னது: "தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, கை கால் ஓஞ்சு போகுது." விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். சாப்பாடு பாதியானது. இதையெல்லாம் உடம்புக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

நாங்கள் கவனிக்காமல் விட்டது இன்னொன்று. எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மாவிடம் அம்மா தினமும் பேரம் பேசுவார். இரண்டு ரூபாய்க்காகப் பத்து நிமிடம், சிரிப்பும் சண்டையுமாக. அந்தப் பேரம் நின்றுபோயிருந்தது. கேட்ட காசைக் கொடுத்துவிட்டுக் கீரையைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அது வாடிக் கிடக்கும். கீரைக்காரம்மாதான் என்னிடம் முதலில் கேட்டார்: "அம்மாவுக்கு என்ன தம்பி? பேச மாட்டேங்குறாங்களே."

எல்லாரும் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். சிலருக்கு எரிச்சலும் கோபமும்தான் வெளியே தெரியும். பிடித்தது பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, முடிவெடுக்க முடியாமல் திணறுவது, ஒன்றுமில்லாததற்குக் குற்ற உணர்ச்சி, இவற்றில் பல சேர்ந்து, பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். பி.எச்.க்யூ.-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு, தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. அதற்கு "ஆமாம்" என்றால் மொத்தம் எவ்வளவு குறைவாக வந்தாலும் அன்றே உதவி தேடுங்கள். அந்தத் தாள் நோயை உறுதி செய்யாது. டாக்டரிடம் பேச்சைத் தொடங்க உதவும்.

2. வீட்டில் எப்படிப் பேசுவது

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இங்கேதான். நான் செய்த தவறு, அம்மாவிடம் எடுத்த எடுப்பில் "மனநல டாக்டர்" என்றது. "என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கா கூட்டிட்டுப் போறே?" என்று கேட்டவர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. ஒரு ஊர்ப் பெயரையே வசவாகப் பேசிப் பழகிய நாம், அந்த வார்த்தை நம் வீட்டுப் பெரியவர்களை எவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறது என்று யோசிப்பதே இல்லை.

பிறகு அக்கா வேறு மாதிரிப் பேசினாள். "அம்மா, உனக்கு மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, நெஞ்சு படபடக்குது. அதுக்கு மருந்து கொடுக்குற டாக்டர் இருக்காங்க. நானும் கூட வர்றேன். ஒரு தடவை பார்ப்போம், பிடிக்கலைன்னா விட்டுடலாம்." அம்மா சரி என்றார். அக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவரை வாட்டிக்கொண்டிருந்ததைச் சொல்லி அழைத்தாள், அவ்வளவுதான். "கண் டாக்டரிடம் போகிறோம்" என்று ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் தெரிந்துவிடும், அதன்பின் உங்களை நம்ப மாட்டார்.

சொல்லக் கூடாதவை: "உனக்கு என்ன குறை?", "மனசைத் தைரியமா வச்சுக்கோ", "அவங்களைப் பாரு, எவ்வளவு கஷ்டத்திலும் சிரிச்சிட்டு இருக்காங்க." அக்கறையோடுதான் சொல்கிறோம். கேட்பவருக்கோ தன் நோய் தன் குற்றம் என்றாகிவிடும். ஆண்களிடம் "ஆம்பளை அழலாமா?" என்பதும் இதே கதைதான். குடியை மட்டும் பார்த்துத் திட்டிவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் சோர்வைக் கவனிக்காமல் விட்ட வீடுகளை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

பெரியவர்கள் கோயில், தர்கா, மந்திரித்தல் என்று இழுப்பார்கள். என் மாமா, "மாப்ளே, குணசீலம் கோயில்ல 48 நாள் வச்சிருந்தா சரியாப் போயிடும்" என்றார். நான் சண்டை போடவில்லை. "சாமியும் கும்பிடுவோம் மாமா, டாக்டரையும் பார்ப்போம்" என்றேன். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் "தவா-துவா" திட்டத்தை அரசு நடத்துகிறது. இதைச் சொன்ன பிறகு மாமாவே ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். சாமியா டாக்டரா என்று கேட்காதீர்கள், அந்த வாதத்தில் நாள்தான் போகும். சங்கிலியும் அடியும் உள்ள இடத்துக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள்.

3. யாரிடம் போவது

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் எம்.டி. சைக்கியாட்ரி, டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். "கவுன்சிலர்" (மனநல ஆலோசகர்) என்று யார் வேண்டுமானாலும் பலகை வைத்துவிடுகிறார்கள், அங்கே கவனம் தேவை. மூன்று மாதக் குறுகிய படிப்பு முடித்த ஒருவரிடம் நாங்கள் 4,000 ரூபாய் "பேக்கேஜ்" கட்டி ஏமாந்தோம்.

முதல் தடவை மனநல மருத்துவரிடம் போவதே நல்லது என்பது என் கருத்து. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் மனச்சோர்வு போலவே தெரியலாம். அவற்றைச் சோதித்துப் பிரித்துப் பார்க்க மருத்துவரால்தான் முடியும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சில தாலுகா மருத்துவமனைகளுக்கும் டாக்டர்கள் குறிப்பிட்ட நாளில் வருவார்கள். எந்த நாள் என்று 104-ல் அல்லது மருத்துவமனையிலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் போய் ஒரு செவ்வாய்க்கிழமையை நாங்கள் வீணாக்கினோம்.

4. கையில் எடுத்துப்போக வேண்டியவை

ஆதார் நகல் ஒன்று, கைபேசி (சீட்டுப் பதிவுக்கு எண் கேட்பார்கள்), பழைய ரிப்போர்ட்கள். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரை, நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம்.

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எத்தனை மணி நேரம், எடை குறைந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, குடி உண்டா. முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் செலவும் பேச்சுமாகச் சில நாட்கள் இருந்திருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அது இருதுருவக் கோளாறாக (பைபோலார்) இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும், அதனால்தான் தாள்.

5. ஓ.பி. நாள்

எங்கள் ஊரில் எட்டு மணிக்குச் சீட்டு வாங்கினோம், பத்தரைக்கு டாக்டரைப் பார்த்தோம், மருந்து வாங்கி வெளியே வர மணி பன்னிரண்டானது. பகல் பன்னிரண்டுக்கு மேல் புறநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் முடிந்துவிடும். அரை நாள் லீவு போதாது, முழு நாள் ஒதுக்குங்கள். தண்ணீர், பிஸ்கட், வெயில் காலமென்றால் ஒரு விசிறி.

அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். சீட்டை வாங்கிக் கட்டைப்பைக்குள், வெற்றிலைப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தார். வரிசையில் பின்சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். "இதுல என்னம்மா வெட்கம்?" என்று அந்த நேரத்தில் கேட்பது, வெட்கப்பட்டதற்கும் சேர்த்து அவரைக் குற்றம் சொல்வதாகிவிடும். பக்கத்தில் இருந்தது போலீஸ் வேலை பார்க்கும் ஒருவர், மடியில் குழந்தையோடு ஒரு பெண், கல்லூரிப் பையன் ஒருவன். அரை மணி நேரம் கழித்து அந்தக் குழந்தை அம்மாவின் வளையலைப் பிடித்து இழுத்தது. முந்தானை தானாக நழுவியது, அம்மா அதைத் திரும்ப இழுக்கவில்லை.

உள்ளே போனால் நோயாளியைத் தனியாகப் பேச விடுங்கள். உங்கள் முன்னால் சொல்ல முடியாதது இருக்கும். டாக்டர் அவசரத்தில் இரண்டு நிமிடத்தில் அனுப்பப் பார்த்தால், கோபப்படாமல் தாளை நீட்டுங்கள். எங்களுக்கு அது பலித்தது.

தனியாரில் நாங்கள் ஒரு முறை இரண்டாவது கருத்துக்குப் போனோம். முதல் தடவை 700 ரூபாய், மறுமுறை 400. கூட்டம் குறைவு, நேரம் கூடுதல். மருந்து எழுதியது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

6. மாத்திரையும் முதல் ஆறு வாரமும்

பலர் விட்டுவிட்டு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸ்டின் போன்ற மருந்துகள் தலைவலி மாத்திரை மாதிரி அன்றே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். பக்கவிளைவோ முதல் வாரத்திலேயே வந்துவிடும்: குமட்டல், தலைவலி, வயிற்றுக் கலக்கம், சிலருக்குப் படபடப்புக் கூடுவது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் சாவு எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு முதல் பத்து நாள் குமட்டல்தான். "இதுக்கு முன்னாடியே நல்லா இருந்தேன்" என்றார். காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கச் சொன்னார் டாக்டர், கொஞ்சம் பரவாயில்லை. நான்காவது வாரம் விடியற்காலை ஐந்து மணி வரை தூங்கினார்.

"இந்த மாத்திரை பழகிடும், விடவே முடியாது" என்று எல்லாரும் சொல்வார்கள். மனச்சோர்வுக்கான இந்த மருந்துகள் போதை தருபவை அல்ல. பழக்கமாகக் கூடியது குளோனாசெபாம், அல்பிரசோலாம் வகை தூக்க மாத்திரைகள். ஆரம்பத்தில் சில வாரத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். எத்தனை நாளைக்கு என்று அன்றே கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கித் தொடர்வது பெரிய பொறி, விழுந்தால் ஏறுவது கஷ்டம்.

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், எங்களுக்கு முதலில் 15 நாளுக்கும் பிறகு மாதத்துக்கும் கொடுத்தார்கள். சில சமயம் இருப்பு இருக்காது. வெளியே வாங்கினால் எங்களுக்கு மாதம் 300 ரூபாய்க்குள், மக்கள் மருந்தகத்தில் அதைவிடவும் குறைவு.

7. பேச்சுவழிச் சிகிச்சை

லேசான மனச்சோர்வுக்கு இது மட்டுமே போதுமானதாகலாம். கடுமையானால் மருந்தோடு சேர்த்து. தனியாரில் ஒரு அமர்வுக்கு எங்களிடம் 1,000 ரூபாய், 45 நிமிடம். ஆறு முதல் எட்டு அமர்வுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

8. "வெளியே தெரிஞ்சா?" என்ற பயத்துக்கு

அம்மாவின் பெரிய பயம் நிலம். பங்காளிகளோடு ஒரு பாகப்பிரிவினை பாக்கி இருந்தது. "பைத்தியம்னு சொல்லிட்டா என் கையெழுத்து செல்லாதுன்னு சொல்லிடுவாங்கடா" என்றார். ஒரு வக்கீலிடம் கேட்டோம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 3: மனநோய் இருக்கிறது என்று கண்டறியப்பட்டதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது, அதை உரிய நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் அம்மா இரண்டாவது தடவை ஓ.பி.க்கு வரத் தானாகச் சம்மதித்தார். உங்கள் வீட்டில் மறுக்கிறவருக்கும் இப்படி ஒரு குறிப்பான பயம் இருக்கலாம். அதைக் கண்டுபிடியுங்கள்.

அதே சட்டத்தின் பிரிவு 23 ரகசியத்தைக் காக்கிறது. விதிவிலக்கான சூழ்நிலைகள் தவிர, உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவமனை வேலையிடத்துக்கோ சொந்தக்காரருக்கோ தர முடியாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், வழக்கும் தண்டனையும் கூடாது என்கிறது பிரிவு 115. போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள். "ஷாக் வைப்பாங்க" என்ற பயத்துக்கும் பதில் அதே சட்டத்தில் உண்டு. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின் அதிர்ச்சிச் சிகிச்சை தருவதற்குத் தடை. அதுவும் எல்லாருக்கும் தருவதில்லை, மிகக் கடுமையான நிலையில் சிலருக்குத்தான்.

காப்பீடு: உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது பிரிவு 21. ஆனால் பல பாலிசிகளில் ஓ.பி. செலவு வராது, உள்நோயாளிச் செலவுதான் வரும். பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் பிறகு க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது? எல்லாருக்கும் எல்லாம் சொல்லக் கடமை இல்லை. "தூக்கமில்லாம கஷ்டப்பட்டாங்க, டாக்டரைப் பார்க்குறோம், இப்போ பரவாயில்லை." நாங்கள் இந்த ஒரு வரியையே எல்லாரிடமும் சொன்னோம். அக்கா மட்டும் தன் மாமியாரிடம் முழுதாகச் சொன்னாள். அந்த அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க மாமா தவறிப்போன வருஷம் எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றாராம். அடுத்த மாதம் அவரும் எங்களோடு ஓ.பி.க்கு வந்தார்.

9. நிறுத்துவது

நன்றாகிவிட்டது என்று தோன்றியதும் நிறுத்தக் கூடாது. சரியான பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள். இதற்கு முன்பும் வந்திருந்தால் இன்னும் அதிகம். திடீரென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், உடம்பில் கரண்ட் பாய்வது போன்ற உணர்வு வரலாம், நோயும் திரும்பலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பது டாக்டர் வேலை. அம்மாவுக்கு மொத்தம் பதினான்கு மாதம் ஆனது, அதில் கடைசி இரண்டு மாதம் பாதி மாத்திரை.

அட்டையில் ஐந்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த ஓ.பி.க்குக் கிளம்புங்கள். பொங்கலும் தீபாவளியும் வரும் மாதங்களில் ஒரு வாரம் முன்கூட்டியே போய்விடுங்கள், விடுமுறையில் டாக்டரும் கிடைக்க மாட்டார், மருந்துக் கவுன்டரிலும் கூட்டம் இருக்கும். பழைய சீட்டுகளை நாள்வாரியாக ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது பீரோவுக்குள் இல்லை, கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும் இருக்கும் அலமாரியில் இருக்கிறது.